அல்போன்ஸ் பெர்டியோன்: ஆளை அளந்து அடையாளம் கண்டவர்

பாரிஸ் நகரக் காவல்துறைத் தலைமையகத்தில் 1879ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தார். மிகவும் கடைநிலை வேலை அது. கைது செய்யப்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை அட்டைகளில் படியெடுப்பதே அவருடைய பணி. காலை முதல் மாலை வரை ஒரே மேசை, ஒரே மைக்கூடு, ஒரே மாதிரியான வாக்கியங்கள். அந்த எழுத்தரின் பெயர் அல்போன்ஸ் பெர்டியோன்.

இன்று சாலைச் சந்திப்புகளிலும் இரயில் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. சில நாடுகளில் அவை பதிவு செய்யும் முகங்களைக் கணினி அளந்து, தேடப்படுவோரின் படங்களோடு ஒப்பிடுகிறது. உங்களில் அடையாள அட்டை எடுத்தவர்கள் அன்று கட்டைவிரலைக் கருவியின்மேல் பதித்திருப்பீர்கள். உடலைக் கொண்டே ஒருவர் யாரென்று உறுதிசெய்யும் இந்த வழக்கத்தைக் காவல்துறையில் ஒரு முறையாக வகுத்துக் காட்டியவர் பெர்டியோன்தான்.

அவர் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸில் பிறந்தார். கல்வியில் சிறந்த குடும்பம். தாய்வழிப் பாட்டனார் அசில் கில்லார் மக்கள்தொகையை ஆராயும் துறைக்கு முதன்முதலில் பெயர் சூட்டியவர். தந்தை லூயி அடோல்ஃப் மருத்துவர். பிறப்பு, இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தவர். மனிதவியல் அறிஞர்களுள் ஒருவர். அண்ணன் ஜாக்கும் புகழ்பெற்ற புள்ளியியலாளர் ஆனார். அல்போன்ஸுக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிரிட்டனுக்குச் சென்று பிரெஞ்சு மொழி கற்பித்துப் பார்த்தார். பிறகு இராணுவச் சேவையை முடித்துத் திரும்பினார். இறுதியில் தந்தையின் சிபாரிசால் கிடைத்ததுதான் இந்த எழுத்தர் வேலை. ஆனாலும் தந்தையின் அறையில் மண்டையோடுகளும் அளவுகோல்களும் இருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். எதையும் அளந்து எண்ணாகச் சொல்ல முடியும் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே பழகிய எண்ணம்.

அவர் படியெடுத்த அட்டைகளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம், தனிக்குறி எதுவுமில்லை என்பன போன்ற சொற்களே. அத்தகைய விவரம் பாரிஸில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அட்டைகளோடு பல்லாயிரக்கணக்கான புகைப்படங்களும் இருந்தன. ஆனால், அவற்றைப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தார்கள். பிடிபட்டவன் வேறு பெயரைச் சொல்லிவிட்டால் அத்தனை படங்களும் வீண்தான். மேலும், படங்கள் ஒரே முறையில் எடுக்கப்படவில்லை. ஒருவர் சாய்ந்து நிற்பார், இன்னொருவர் தொலைவில் நிற்பார்.

பழைய காலத்தில் பிரான்சில் குற்றவாளியின் தோளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் இருந்தது. அந்தக் கொடுமை 1832இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் ஒருவன் முன்பு தண்டிக்கப்பட்டவனா இல்லையா என்பதை அறியக் காவலர்களின் நினைவாற்றல்தான் துணை. போதாக்குறைக்கு, 1871ஆம் ஆண்டுக் கலவரத்தில் மூண்ட தீயில் பாரிஸ் மக்களின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து சாம்பலாயின. அதனால், ஒருவர் சொல்லும் பெயர் அவருடையதுதானா என்று சரிபார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

பெர்டியோனுக்குத் தந்தையின் கருவிகள் நினைவுக்கு வந்தன. பெல்ஜிய அறிஞர் கெத்தலே மனித உடல் அளவுகளைப் பற்றி எழுதியவற்றையும் அவர் அறிந்திருந்தார். இருபது வயதுக்குமேல் ஒருவரின் எலும்பு அளவுகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒருவரின் தலை நீளம் மற்றொருவருடையதோடு ஒத்துப் போகலாம். தலை அகலமும்கூட ஒத்துப் போகலாம். ஆனால், பாதம், நடுவிரல், முன்கை என்று அளவுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அத்தனையும் ஒத்துப் போவது மிக அரிது. ஓர் அளவு தற்செயலாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். பதினோர் அளவுகளும் ஒத்துப்போக 41 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுள் ஒரு வாய்ப்பே இருக்கும். நான்கைப் பதினொரு முறை பெருக்கிப் பாருங்கள். எனினும், ஓர் அளவு மற்றோர் அளவைச் சாராதிருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். உயரமானவருக்குக் கையும் காலும் நீளமாக இருப்பது இயல்பல்லவா? ஆகவே, உண்மையான வாய்ப்பு இதைவிடச் சற்றுக் கூடுதலே.

இந்த எண்ணத்தை அறிக்கையாக எழுதி அவர் மேலதிகாரியிடம் கொடுத்தார். அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த லூயி ஆந்திரியோ அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கடைநிலை எழுத்தர், அதுவும் பேச்சிலும் எழுத்திலும் தெளிவில்லாதவர், கணக்குகளைக் காட்டுகிறாரே என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. பெர்டியோன் காத்திருந்தார். அடுத்த தலைவராக வந்த காமகாஸ் 1882ஆம் ஆண்டு இறுதியில் ஒரு வாய்ப்பளித்தார். இரண்டு உதவியாளர்கள், மூன்று மாத அவகாசம். அதற்குள் ஒரு பழைய குற்றவாளியையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஒருவன் அளக்கப்பட்டு, விடுதலையாகி, மீண்டும் பிடிபட்டால் அல்லவா அது நடக்கும்! சோதனை எவ்வளவு கடினமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அளக்கும் முறையை அவர் மிகக் கண்டிப்பாக வகுத்தார். கைதி வெறுங்காலோடு நிற்க வேண்டும். முதலில் உயரம், விரித்த கைகளின் நீளம், உட்கார்ந்த நிலையில் உயரம். அடுத்து, கவராயம் போன்ற வளைந்த கருவியால் தலையின் நீளமும் அகலமும். பிறகு வலக்காது. இடப்பாதத்தை அளக்கும்போது கைதி ஒரு சிறிய முக்காலியின்மேல் ஏறி, உடலின் எடை முழுவதையும் அந்த ஒரு காலில் தாங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் பாதத்தைச் சுருக்கி ஏமாற்ற முடியாது. இடக்கை நடுவிரல், சுண்டுவிரல், முன்கை ஆகியனவும் அளக்கப்பட்டன. ஏன் இடப்பக்கம்? பெரும்பாலோர் வேலை செய்வது வலக்கையால். அதனால் வலப்பக்கம் மாற்றம் அடையலாம். இடப்பக்கம் அவ்வளவாக மாறாது.

அளப்பதைவிட அரிய வேலை அட்டைகளை அடுக்குவது. பெர்டியோனின் உண்மையான திறமை இங்கேதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் அளவையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்தார். 81,000 அட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். தலை நீளத்தைப் பார்த்ததும் தேட வேண்டியவை 27,000 ஆகக் குறையும். தலை அகலத்தைப் பார்த்தால் 9,000. நடுவிரலைப் பார்த்தால் 3,000. இப்படியே போனால் கடைசியில் ஓர் இழுப்பறையில் சில அட்டைகளே மிஞ்சும். அவற்றில் கண்ணின் நிறத்தையும், உடலில் உள்ள தழும்பு, மச்சம் ஆகியவற்றையும் ஒப்பிட்டு முடிவு செய்வார்கள். அளவுகள் தேடுவதற்கு, தழும்புகள் உறுதிசெய்வதற்கு. இந்த வேறுபாட்டை அவர் தம் உதவியாளர்களிடம் மிகவும் வலியுறுத்தினார். அளவு ஒத்துப்போனால் இவன்தான் என்று சொல்லிவிட முடியாது. அளவு ஒத்துப்போகாவிட்டால் இவன் அல்லன் என்று துணிந்து சொல்லலாம்.

அவகாசம் முடியவிருந்தது. 1883ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், டுப்போன் என்று பெயர் சொன்ன ஒருவன் அளக்கப்பட்டான். டுப்போன் என்பது பிரான்சில் மிகச் சாதாரணமான பெயர். பொய் சொல்பவர்கள் விரும்பிச் சூட்டிக்கொள்ளும் பெயரும்கூட. பெர்டியோன் இழுப்பறைகளைத் திறந்து தேடினார். வேறு பெயரில் சில வாரங்களுக்கு முன் அளக்கப்பட்ட ஓர் அட்டை கையில் கிடைத்தது. எண்கள் ஒத்திருந்தன, தனிக்குறியும் ஒத்திருந்தது. அந்த மனிதன் முதலில் மறுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான். அதே மாதம் 28ஆம் நாள் பெர்டியோனின் தந்தை காலமானார். உருப்படமாட்டானோ என்று கவலைப்பட வைத்த மகனின் முதல் வெற்றி, அவர் உயிரோடிருந்தபோதே கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு 49 பேர் இவ்வாறு அடையாளம் காணப்பட்டனர். மறு ஆண்டு 241 பேர். 1885இல் பிரான்சில் ஒரு புதிய சட்டம் வந்தது. மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர்களைத் தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானா போன்ற தொலைதூரக் குடியேற்றங்களுக்கு அனுப்ப அது வழிசெய்தது. ஒருவன் முன்பு தண்டிக்கப்பட்டவனா என்பதே இப்போது அவன் வாழ்நாளைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை பெர்டியோனின் இழுப்பறைகளில் இருந்தது.

புகைப்படம் எடுக்கும் முறையையும் அவர் மாற்றினார். முகத்துக்கு நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். நாற்காலி ஒரே இடத்தில்; கேமரா ஒரே தொலைவில்; வெளிச்சம் ஒரே திசையிலிருந்து. படம் உண்மை அளவில் ஏழில் ஒரு பங்காக இருக்க வேண்டும். பக்கவாட்டுப் படம் எதற்கு என்று கேட்கலாம். சிரிப்பாலும் தாடியாலும் முகத்தை மாற்றிக்கொள்ளலாம். காதின் வடிவத்தை மாற்ற முடியாது. உலகெங்கும் காவல் நிலையங்களில் கைதிகளை இரண்டு கோணங்களில் படம் எடுக்கும் வழக்கம் இவரிடமிருந்தே வந்தது.

1892ஆம் ஆண்டு பாரிஸில் நீதிபதிகளின் வீடுகளில் குண்டுகள் வெடித்தன. இரவஷோல் என்பவன்மீது ஐயம் எழுந்தது. உணவகப் பணியாளர் ஒருவர் அவனைக் கண்டு காவலர்களுக்குத் தெரிவித்தார். பிடிபட்டவனைப் பெர்டியோன் அளந்தார். சென் எத்தியேன் நகரில் கோனிக்ஸ்டைன் என்ற பெயரில் முன்பு அளக்கப்பட்டவனும் இவனும் ஒருவரே என்று தெரியவந்தது. நாளிதழ்கள் பெர்டியோனைக் கொண்டாடின. பல நாடுகளின் காவல்துறையினர் பாரிஸுக்கு வந்து அவருடைய முறையைக் கற்றுச் சென்றனர். கடைநிலை எழுத்தர் இப்போது தனித்துறையின் தலைவர். அவர் சொன்னால் அது தவறாக இருக்காது என்று பலரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்தது.

1894ஆம் ஆண்டு பாரிஸிலிருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று பிரெஞ்சு உளவுப் பிரிவுக்குக் கிடைத்தது. பிரெஞ்சு இராணுவ அதிகாரி யாரோ இரகசியங்களை விற்கிறார் என்பதற்கு அது சான்று. கேப்டன் ஆல்ஃபிரட் டிரைஃபஸ்மீது ஐயம் விழுந்தது. அவர் யூதர். யூதர்கள்மீது வெறுப்பு மண்டிக் கிடந்த காலம் அது. கடிதத்தில் இருப்பது டிரைஃபஸின் கையெழுத்துதானா என்று முதலில் கேட்கப்பட்ட கையெழுத்து நிபுணர் தயங்கினார். உடனே அதே வேலை பெர்டியோனிடம் ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்தை ஆராய்வது அவருடைய துறையே அன்று. உடலை அளப்பவர் அவர். ஆனாலும், அன்றே பார்த்து, இரண்டும் ஒருவர் எழுதியவையே என்று அறிக்கை கொடுத்தார். டிரைஃபஸ் கைது செய்யப்பட்டார்.

கடிதத்தின் எழுத்துக்கும் டிரைஃபஸின் எழுத்துக்கும் வேறுபாடுகள் இருந்தன. அவற்றைக் கண்டதும் பெர்டியோன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை; விளக்கத்தை மாற்றினார். பிடிபட்டால் தப்பிக்க வேண்டும் என்பதற்காக டிரைஃபஸ் தம் கையெழுத்தைத் தாமே போலியாக எழுதினார் என்றார். அப்படியென்றால், ஒற்றுமை இருந்தாலும் அவர் குற்றவாளி. வேற்றுமை இருந்தாலும் அவர் குற்றவாளி. இந்தக் கருத்தை நிலைநாட்ட வரைபடங்களும் கணக்குகளும் அடுக்கடுக்காக வந்தன. ஒத்துப்போகாவிட்டால் அவன் அல்லன் என்று தம் உதவியாளர்களுக்குக் கற்பித்தவர், தம் சொந்த விதியையே இங்கே கைவிட்டுவிட்டார்.

டிரைஃபஸ் தண்டிக்கப்பட்டு, 1895இல் பிரெஞ்சு கயானாவின் கடலோரத்திலுள்ள சாத்தான் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிமைச் சிறை. கடிதத்தை உண்மையில் எழுதியவர் எஸ்டர்ஹாசி என்ற வேறோர் அதிகாரி என்பது பின்னர்த் தெரிந்தது. அதன்பிறகும் 1899இல் நடந்த இரண்டாம் விசாரணையில் பெர்டியோன் பழைய கருத்தையே சொன்னார்.

1904ஆம் ஆண்டு அவருடைய கணக்குகளை ஆராயும்படி டார்பூ, அப்பேல், பொயன்கரே ஆகிய மூன்று கணித மேதைகளிடம் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அவர்கள் கண்ட பிழைகளில் ஒன்று மாணவர்களுக்கும் எளிதில் விளங்கக்கூடியது. கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் 13 சொற்களின் முதலிலும் முடிவிலுமாக 26 இடங்களைப் பெர்டியோன் ஒப்பிட்டார். நான்கு இடங்களில் எழுத்துகள் ஒரே நிலையில் பொருந்தின. ஓரிடம் தற்செயலாகப் பொருந்த ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று கொண்டு, நான்கும் பொருந்த 625இல் ஒரு வாய்ப்புதான், ஆகவே இது தற்செயல் அன்று என்றார். ஆனால், அவர் தேடியது நான்கு இடங்களில் அன்று, இருபத்தாறு இடங்களில். ஐந்துக்கு ஒன்று வீதம் 26 இடங்களில் ஐந்து இடங்கள் தாமாகவே பொருந்துவது இயல்பு. நான்கு பொருந்தியதில் வியப்பே இல்லை.

இந்தப் பிழை பழங்காலத்தோடு போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு கேமரா ஆயிரம் பேரில் ஒருவரை மட்டுமே தவறாகச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் தெருவில் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் பேர் நடந்தால், குற்றமற்ற நூறு பேரை அது குற்றவாளி என்று காட்டும். தேடும் இடம் பெரிதாகப் பெரிதாகத் தற்செயலான ஒற்றுமைகளும் பெருகும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கடையொன்றின் கேமராப் படத்தைக் கணினி ஒப்பிட்டுப் பார்த்து ஒருவரைச் சுட்டியது. 2020ஆம் ஆண்டு காவலர்கள் அவரை அவருடைய வீட்டு வாசலிலேயே, மனைவி பிள்ளைகள் கண்முன் கைது செய்தனர். ஏறத்தாழ முப்பது மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டிருந்த அவர், படத்திலிருந்தவர் அல்லர். கணினி தேடிக் கொடுத்த ஒற்றுமையைக் காவலர்கள் உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டார்கள்.

டிரைஃபஸ் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெர்டியோனின் அளவுமுறைக்கு வேறொரு போட்டியும் வளர்ந்து வந்தது. அது வளர்ந்த இடங்களுள் முக்கியமானது இந்தியா. வங்காளத்தில் 1858லேயே வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஒப்பந்தப் பத்திரத்தில் கை அச்சைப் பெற்றார். பின்னர் வங்காளக் காவல்துறைத் தலைவரான எட்வர்ட் ஹென்றி முதலில் பெர்டியோனின் முறையைத்தான் பயன்படுத்தினார். அதில் தொல்லைகள் இருந்தன. ஒரே ஆளை இரண்டு காவலர்கள் அளந்தால் இரண்டு விதமான எண்கள் வரும். வளரும் பருவத்தினரை அளந்து பயனில்லை. கைரேகைக்கோ மையும் காகிதமும் போதும். கைரேகைகளை 1,024 பிரிவுகளாக வகைப்படுத்தும் முறையை அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகள் உருவாக்க உதவினர். அந்த முறைக்கு ஹென்றியின் பெயர்தான் நிலைத்தது. 1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1901இல் லண்டன் காவல்துறையும் அதை ஏற்றது.

பெர்டியோன் தம் அட்டைகளின் ஓரத்தில் கைரேகைக்கும் இடம் கொடுத்திருந்தார், அளவுகளுக்குத் துணையாக மட்டும். 1902இல் பாரிஸில் ஒரு கொலை நடந்த வீட்டில், உடைந்த கண்ணாடியின்மேல் விரல் பதிவுகள் இருந்தன. அவற்றைக் கொண்டு, முன்பு கைதான ஷெஃபர் என்பவனை அவரே கண்டுபிடித்தார். ஐரோப்பாவில் கைரேகையால் துலங்கிய முதல் கொலை வழக்குகளுள் அது ஒன்று. அப்படியிருந்தும் அளவுமுறையைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா ஓவியம் திருடு போயிற்று. திருடன் கழற்றிப்போட்ட கண்ணாடியில் அவனுடைய விரல் பதிவு இருந்தது. பெருஜியா என்ற அந்தத் திருடன் ஏற்கெனவே காவல்துறையிடம் பிடிபட்டவன். அவன் அட்டை பெர்டியோனின் இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால், அட்டைகள் உடல் அளவுப்படி அடுக்கப்பட்டிருந்தன. கையிலிருந்ததோ விரல் பதிவு மட்டும். பெயர் வரிசையில் அடுக்கிய புகைப்படங்கள் பயன்படாமல் போனதைக் கண்டு சினந்த எழுத்தர், முப்பது ஆண்டுகள் கழித்து அதே சிக்கலில் தாமே அகப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியில் ஓவியத்தை விற்க முயன்றபோதுதான் பெருஜியா பிடிபட்டான்.

கடைசிக் காலத்தில் பெர்டியோனின் உடல்நலமும் கண்பார்வையும் குன்றின. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அவர் பாரிஸில் காலமானார். அவருக்குப்பின் பிரான்சிலும் கைரேகையே முதலிடம் பெற்றது. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவர் இராணுவத்துக்கும் திரும்பியிருந்தார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏழரை ஆண்டுகள் உயிரோடிருந்த பெர்டியோன், தம் அறிக்கை தவறு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.